780 ரூபாய்ப் புத்தகமும் என் தெறிப் பேணியும்

மகளுக்குக் கண்ணாடி எடுக்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போயிருந்தோம். கண்ணாடிக்காரர் ஒரு மணித்தியாலம் கழித்து வரச் சொல்லிவிட்டார். வெளியே பங்குனி வெயில். நிழலுக்கு ஒதுங்கித்தான் கஸ்தூரியார் வீதியில் ஒரு புத்தகக் கடைக்குள் ஏறினோம். ஒன்றும் வாங்குகிற எண்ணம் எனக்கு இல்லை. உள்ளே ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம். அட்டையில் ஒரு ஆந்தை கண்ணாடி போட்டுக்கொண்டு சிறகை மடக்கி மடக்கி எதையோ எண்ணுகிறது. முதல்முதலாகக் கண்ணாடி போடப்போகிற பிள்ளை அந்த ஆந்தையைக் கண்டால் விடுவாளா? 780 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம்.

புத்தகத்தின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதப்போவதில்லை. நாலு குறை சொல்லத்தான் போகிறேன், ஆனால் அவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. இப்படியான எண்ணிக்கைப் புதிர்ப் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே சரக்குத்தான். அதனால் நான் சொல்வது உங்கள் வீட்டுப் புத்தகத்துக்கும் பொருந்தலாம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கோண்டாவிலில் வீட்டோடு தையல் வேலை. கணக்கில் நான் பெரிய ஆள் இல்லை, ஓ.எல். பரீட்சையில் சாதாரணமாகத்தான் பாஸ். மகள் தரம் 3. அக்காவின் மகன் தரம் 5, பின்னேரம் ரியூசன் முடிந்து எங்கள் வீட்டுக்குத்தான் வருவான், அக்கா வேலையால் வர ஏழு மணியாகும். ஆகவே இந்தப் புத்தகத்தை மூன்று பேர் சேர்ந்து பார்த்திருக்கிறோம்: ஒரு எட்டு வயது, ஒரு பத்து வயது, ஒரு தையல்காரி.

மொத்தம் 96 பக்கம், 72 புதிர்கள், கடைசி நாலு பக்கம் விடைகள். தாள் மெல்லிசு. அழிறப்பரை இரண்டு தரம் தேய்த்தால் மூன்றாம் தரம் பின்பக்கத்துப் புதிர் தெரியும். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. மீன்களை ஒன்றின்மேல் ஒன்று வரைந்து எத்தனை என்று கேட்கிற பக்கத்தில் சாம்பல் நிற மீன் சாம்பல் நிறக் கடலுக்குள் போய்விட்டது. நான் 17 எண்ணினேன், மகள் புதுக் கண்ணாடியோடு 19 எண்ணினாள், விடை 18 என்று இருந்தது. அதை விட்டுவிட்டோம். அது புதிரில்லை, அச்சுக் கோளாறு.

புத்தகத்தில் எனக்கு உண்மையாகவே பிடித்த இடமும், எரிச்சல் வந்த இடமும் 14ஆம் புதிர்தான். ஒரு யன்னல். மூன்று வரி, வரிக்கு மூன்று கண்ணாடி. இதில் எத்தனை சதுரங்கள் என்று கேள்வி.

மகள் பார்த்த உடனே ஒன்பது என்றாள். யார் பார்த்தாலும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் மெசினில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில், “அம்மா, வெளியில இருக்கிற பெரிய சட்டமும் சதுரம்தானே? அப்ப பத்து” என்றாள். சரி, பத்து. பிறகு கனநேரம் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் நாலு கண்ணாடி சேர்ந்த ஒரு சதுரத்தைப் பென்சிலால் சுற்றி வளைத்திருக்கிறாள், அதற்கு மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. எது எண்ணியது, எது எண்ணாதது என்று அவளுக்கே தெரியவில்லை. “பன்னிரண்டு... இல்லை, பதினைஞ்சு” என்று கண் கலங்கத் தொடங்கிவிட்டது.

சட்டை வெட்டுமுன் அளவு போட்டுப் பார்க்க நான் பிறவுண் பேப்பர் வைத்திருப்பேன். அதில் ஒரு துண்டை, நாலு கண்ணாடியைச் சரியாக மூடுகிற அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். “இதை யன்னலுக்கு மேல வையுங்கோ. வெளியில போகாமல் எத்தினை இடத்தில வைக்கலாம் எண்டு பாருங்கோ.” இடது பக்க மேல்மூலையில் வைத்தாள், ஒன்று. ஒரு கண்ணாடி அளவு வலப்பக்கம் தள்ளினாள், இரண்டு. இன்னும் தள்ள இடம் இல்லை. கீழே இறக்கி இடதில் ஒன்று, வலதில் ஒன்று. நாலே நாலு. சின்னது ஒன்பது, நடுத்தரம் நாலு, பெரியது ஒன்று. பதினாலு.

விடைப் பக்கத்தைப் பிரித்தோம். 14ஆம் புதிர்: 13.

என் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அச்சடித்த புத்தகம் பிழை சொல்லாது என்பதுதானே அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது. திரும்பவும் பேப்பரை வைத்துத் தள்ளினாள், திரும்பவும் நாலு. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து நானும் தள்ளிப் பார்த்தேன். யன்னலில் ஐந்தாவது இடமும் இல்லை, நாலில் ஒன்று குறையவும் இல்லை. வெறும் ‘13’ என்று போட்டிருக்கிறார்களே தவிர, எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. ஒன்பது, நாலு, ஒன்று என்று பிரித்து எழுதியிருந்தால் கூட்டலில் பிழை என்று பிள்ளையே கண்டுபிடித்திருக்கும். 72 புதிருக்கும் இப்படித்தான், இலக்கம் மட்டும். இந்தப் புத்தகத்தின் பெரிய குறை இதுதான். எண்ணிக்கைப் புதிரில் விடை யாருக்கு வேண்டும்? எந்த ஒழுங்கில் எண்ணினால் ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரண்டு தரம் வராது என்பதுதானே விளையாட்டு.

அன்றைக்குப் பின்னேரம் அக்காவின் பெடியன் வந்தான். படத்தைப் பார்த்த உடனே “பதினாலு” என்றான், கண்ணை மூடித் திறக்கிற நேரம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, உருவம் எண்ணுகிற கேள்விகளில் அவனுக்குப் பழக்கம் உண்டு. எப்படி என்று கேட்டேன். “மூண்டை மூண்டால பெருக்கி, இரண்டை இரண்டால பெருக்கி, ஒண்டை ஒண்டால பெருக்கிக் கூட்டுறது சின்னம்மா. நாலுக்கு நாலு எண்டால் முப்பது. ரியூசனில தந்தவை.” சரிதான். 16, 9, 4, 1 கூட்டினால் 30. ஏன் அப்படிப் பெருக்க வேண்டும் என்று கேட்டேன். “அது அப்பிடித்தான்” என்றான்.

நான் பொல்லாத ஆள். ஒரு கடதாசியில் மூன்று வரி, வரிக்கு நாலு கட்டம் வரைந்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன். பெடியன் மூன்றை மூன்றால் பெருக்குவதா, நாலை நாலால் பெருக்குவதா என்று தலையைச் சொறிந்துகொண்டு இருந்தான். மகள் பிறவுண் பேப்பரில் இரண்டு துண்டு வெட்டினாள், நாலு கட்டம் மூட ஒன்று, ஒன்பது கட்டம் மூட ஒன்று. சின்னத் துண்டு மேலே மூன்று இடத்தில் நின்றது, கீழே மூன்று இடத்தில் நின்றது. பெரிய துண்டு இரண்டே இடத்தில். 12, 6, 2. இருபது என்றாள். அவன் பேப்பரை அவளிடம் பறித்துத் தானும் தள்ளிப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கே விளங்கியது, மூன்றுக்கு மூன்றில் இரண்டை இரண்டால் பெருக்கியது அந்தத் துண்டு குறுக்கே நிற்கிற இரண்டு இடத்தையும் கீழ்நோக்கி நிற்கிற இரண்டு இடத்தையும்தான் என்று. ரியூசன் ரீச்சரில் பிழை சொல்லவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு பிறவுண் பேப்பர் வெட்ட முடியாது.

அடுத்து வேலிப் புதிர்கள். இங்கே புத்தகத்தை மெச்ச வேண்டும். 27ஆம் புதிர்: 10 மீற்றர் நீளமான நேர் வேலி, 2 மீற்றருக்கு ஒரு தூண், இரண்டு அந்தத்திலும் தூண் உண்டு, எத்தனை தூண்கள்? மகள் பத்தை இரண்டால் வகுத்து ஐந்து என்றாள். விடை ஆறு.

இந்தப் பிழையை நான் என் கையால் செய்திருக்கிறேன், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு. தையல் பழகி முடித்த புதிதில் ஒரு ஐயாவுக்குச் சேட் தைத்தேன். முன்பக்கம் முதல் தெறியிலிருந்து கடைசித் தெறி வரைக்கும் 18 இஞ்சி, மொத்தம் ஏழு தெறி. தெறி என்றால் பட்டன், எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 18ஐ ஏழால் வகுத்து, கிட்டத்தட்ட இரண்டரை இஞ்சி என்று வைத்துக்கொண்டு வரிசையாகத் தைத்துவிட்டேன். ஏழாவது தெறி 15 இஞ்சியிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் மூன்று இஞ்சி, சரியாக வயிற்றடியில், காற்றுக்குத் திறந்து கிடந்தது. தையல் பழக்கிய மாமி வந்து பார்த்துவிட்டு, “தெறியை எண்ணாதை பிள்ளை, இடைவெளியை எண்ணு” என்றார். ஏழு தெறிக்கு ஆறு இடைவெளி, இடைவெளிக்கு மூன்று இஞ்சி. அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சேட்டின் தெறி முழுவதையும் பிரித்தேன்.

ஆகவே மகளுக்கு என் தெறிப் பேணியைத் திறந்து கொடுத்தேன். பழைய பிஸ்கட் பேணி, இருபது வருசத்துத் தெறிகள் அதற்குள் இருக்கின்றன. மேசையில் இஞ்சி நாடாவை விரித்து இரண்டு இஞ்சிக்கு ஒரு தெறி வைக்கச் சொன்னேன். பத்து இஞ்சி வரைக்கும் வைத்தாள். ஆறு. “முதலாவது தெறிக்கு முன்னால இடைவெளி இல்லை அம்மா, அதுதான் ஒண்டு கூட.” நானாக ஒன்றும் சொல்லவில்லை.

புத்தகம் எங்கே கெட்டித்தனம் காட்டியது என்றால், 28ஆம் புதிரில். ஒரு வட்டமான குளம், சுற்றளவு 20 மீற்றர், 4 மீற்றருக்கு ஒரு மரம். எத்தனை மரம்? பிள்ளை இப்போது படித்துவிட்டாளே, வகுத்து ஒன்று கூட்டி ஆறு என்றாள். பெடியனும் ஆறு. விடை ஐந்து. இரண்டு பேரும் புத்தகம் திரும்பவும் பிழை என்று குதித்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பைச் சுற்றித் தெறி வைக்கச் சொன்னேன். கடைசித் தெறிக்குப் பிறகு வருகிற இடைவெளி முதல் தெறியிலேயே போய் முட்டுகிறது. கூட ஒன்று வைக்க இடமே இல்லை. பெடியன் எழும்பி வெளியே போனான். கேற் அடியில் நின்று எங்கள் வேலியின் கதியால்களை, அதாவது வேலிக்கு நட்ட தடிகளை, பார்த்துக்கொண்டு நின்றான். “சின்னம்மா, எங்கட வேலி நேர்வேலியோ வட்டவேலியோ?” என்று கேட்டான். வளவைச் சுற்றி வருகிறது, ஆனால் கேற்றடியில் அறுபடுகிறது. அதனால் நேர்வேலிதான் என்று அவனே முடிவெடுத்தான். கிளுவங் கதியாலில் கணக்குப் பார்த்த முதல் ஆள் எங்கள் ஒழுங்கையில் அவனாகத்தான் இருப்பான்.

அப்படி இரண்டு புதிரையும் அடுத்தடுத்த பக்கத்தில் வைத்தது யாரோ வகுப்பில் நின்று படிப்பித்த ஆள். அவருக்கு ஒரு கும்பிடு. விடைப் பக்கம் செய்தவர் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

திகதிப் புதிரும் இதே இனம்தான். 3ஆம் திகதி தொடங்கி 9ஆம் திகதி முடிகிற விடுமுறை எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். மகள் கழித்து ஆறு என்றாள். அதற்குத் தெறி தேவைப்படவில்லை. நல்லூர்க் கோயில் திருவிழாவில் கொடியேற்றம் முதலாம் நாள், தேர் 24ஆம் நாள், தீர்த்தம் 25ஆம் நாள். இருபத்தைந்து நாளும் அம்மம்மா மச்சம் சாப்பிடமாட்டார் என்று பிள்ளைக்குத் தெரியும். “கழிச்சுப் பார்த்தால் 24 நாள்தானே வரும். அப்ப கொடியேறின அண்டைக்கு அம்மம்மா மீன் சாப்பிட்டவவோ?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு ஏழு என்று மாற்றி எழுதினாள். உள்ளே இருந்து அம்மம்மா, “என்ர பேரை ஏன் இழுக்கிறியள்?” என்றார்.

ஆடும் கோழியும் புதிர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், இதிலும் உண்டு. தலை 8, கால் 22, ஆடு எத்தனை? தரம் 3 பிள்ளைக்குச் சமன்பாடு தெரியாது, தெரியவும் தேவையில்லை. எட்டு வட்டம் வரையச் சொல்லி, எல்லாவற்றுக்கும் முதலில் இரண்டு கால் போடச் சொன்னேன். 16 போய்விட்டது, கையில் ஆறு கால் மிச்சம். அதை இரண்டு இரண்டாகப் பங்கிட்டால் மூன்று வட்டத்துக்குக் கால் நாலாகும். அது மூன்றும் ஆடு. பிள்ளைக்கு இது கணக்காகத் தெரியவில்லை, படம் கீறியதாகத்தான் நினைத்தாள். அடுத்த நாள் பெடியன் தானே ஒன்று உண்டாக்கிக்கொண்டு வந்தான்: ரியூசன் வாசலில் ஏழு வாகனம், சில்லு 17, எல்லாம் சயிக்கிளும் ஓட்டோவும்தான், ஓட்டோ எத்தனை? செய்து பாருங்கள். அந்தப் புத்தகத்தில் இருக்கிற இதுபோன்ற மூன்று புதிரையும்விட இது நன்றாக இருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எங்களுடைய பிள்ளைகளுக்கு எழுதின தமிழ் இல்லை. ‘பின்வரும் உருவில் மறைந்துள்ள முக்கோணங்களின் மொத்த எண்ணிக்கையைக் கண்டறிக’ என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். ‘இதில் எத்தனை முக்கோணம் இருக்கிறது?’ என்று கேட்டால் என்ன குறைந்துபோகும்? கொப்பியை நோட்டு என்கிறார்கள், பரவாயில்லை, பிள்ளை விளங்கிக்கொள்ளும். ஆனால் சில்லறைப் புதிரில் பைசா வருகிறது. “பைசா எண்டால் என்ன அம்மா?” எங்களுக்குச் சதமே கண்ணால் காணாத காலம் இது. நான் அதை மாற்றி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் குற்றிகளால் பத்து ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று கேட்டேன். குற்றிக்குத் தெறிதான்: பெரிய கறுப்பு ஐந்து, நீலம் இரண்டு, வெள்ளை ஒன்று. பெரியதில் இருந்து தொடங்கச் சொன்னேன். ஐந்து இரண்டு வைத்தால் ஒரு விதம். ஐந்து ஒன்று வைத்தால் மிச்சம் ஐந்து ரூபாயை மூன்று விதமாக நிரப்பலாம். ஐந்தே இல்லாமல் ஆறு விதம். மொத்தம் பத்து. “கடையில ரொபி தருவினமே, அது எத்தினை விதம்?” என்றான் பெடியன். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இந்தப் பத்து என்ற இலக்கம் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை செய்தது. 41ஆம் புதிரில் ஒரு பெரிய முக்கோணம், உச்சியில் இருந்து அடிக்கோட்டுக்கு மூன்று கோடு இறங்கி உள்ளே நாலு பிரிவாகியிருக்கிறது, பனையோலை விசிறியைப் போல. எத்தனை முக்கோணம்? தனித்தனியாக நாலு, இரண்டு இரண்டு சேர்ந்தது மூன்று, மூன்று சேர்ந்தது இரண்டு, முழுவதும் ஒன்று. பத்து. 52ஆம் புதிரில் ஐந்து நண்பர்கள், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஒருமுறை கைகொடுக்கிறார்கள், மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? முதல் ஆள் நாலு பேருக்கு, அடுத்தவர் மிச்சம் மூன்று பேருக்கு, இரண்டு, ஒன்று. திரும்பவும் பத்து. மகள் உடனே, “இதுவும் நாலு, மூண்டு, இரண்டு, ஒண்டு. விசிறிப் படம் போலதான்” என்றாள்.

எனக்கு அது தற்செயல் என்றுதான் பட்டது. சில்லறைப் புதிரிலும் பத்து வந்ததே, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பெடியன் இரண்டு பக்கத்தையும் அருகருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு விசிறியில் உச்சியில் இருந்து இறங்குகிற கோடுகளை எண்ணினான். ஓரத்தில் இரண்டு, உள்ளே மூன்று, ஐந்து கோடு. “சின்னம்மா, கோடு அஞ்சும் அஞ்சு பெடியள். எந்த இரண்டு கோட்டைப் பிடிச்சாலும் அடிக்கோட்டோட சேர்ந்து ஒரு முக்கோணம் வருது. இரண்டு கோடு சேர்ந்தால் ஒரு கைகுலுக்கல்.” நான் மெசினை நிற்பாட்டிவிட்டு வந்து பார்த்தேன். உண்மைதான். இரண்டு புதிரும் ஒரே புதிர், வேறு சட்டை போட்டிருக்கிறது. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. 41க்குப் பிறகு 52 வரும்போது, ‘இதை முன்பு எங்கேயோ பார்த்தாயா?’ என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். போகட்டும், கேட்காததால்தான் அவன் கண்டுபிடித்தான் என்றும் சொல்லலாம்.

இரண்டாவது பிழை விடை 60ஆம் புதிரில். 1 முதல் 100 வரைக்கும் எழுதினால் 9 என்ற இலக்கத்தை எத்தனை தடவை எழுதுவோம்? புத்தகம் 19 என்கிறது. ஒன்றின் இடத்தில் 9, 19, 29 என்று 99 வரை பத்துத் தடவை, பத்தின் இடத்தில் 90 இலிருந்து 99 வரை பத்துத் தடவை, ஆகவே 20. அப்படியென்றால் 19 எங்கிருந்து வந்தது? 9 வருகிற எண்கள் 19தான், ஏனென்றால் 99 ஒரே எண், அதில் 9 இரண்டு தடவை. ‘எத்தனை எண்களில்’ என்று கேட்டிருந்தால் 19 சரி. கேள்வியை யாரோ மொழிபெயர்க்கும்போது மாற்றிவிட்டார்கள் போல இருக்கிறது. ஒரு சொல் மாறினால் எண்ணுகிற பொருளே மாறிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, அவர்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும்.

கடைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அது அச்சடிச்ச ஆக்களின்ர பிழை தங்கச்சி, நாங்கள் விக்கிறது மட்டும்தான்” என்றார். மரியாதையாகத்தான் பேசினார். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது, மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை.

இடையில் அம்மம்மாவும் ஒரு புதிர் போட்டார். பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எத்தனை என்று சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியிருக்கிற சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பழைய கணக்குப் பாட்டில் வருகிற வழி, அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. தென்மராட்சியில் இருந்து வந்த ஒரு பழம் வீட்டில் இருந்தது. காம்படியில் எந்த முள் சிறுமுள், எது பெருமுள் என்பதிலேயே இரண்டு பேரும் அடிபட்டார்கள். மகளின் கணக்கில் 60, பெடியனின் கணக்கில் 78. வெட்டி எண்ணத் தொடங்கினோம், ஆனால் எண்ணி முடியுமுன் சுளைகள் குறைந்துகொண்டே போனதால் எது சரி என்று தெரியவில்லை. எண்ணெய் பூசின கையோடு அந்த 780 ரூபாய்ப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சரி, வாங்கலாமா? பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். பிள்ளை எண்ணும், பின்பக்கம் பார்க்கும், பிழை என்றால் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொள்ளும், இரண்டு நாளில் புத்தகம் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பக்கத்தில் இருந்து ஒரு நாளைக்கு ஒரு புதிர், கூடினால் இரண்டு என்று பார்க்க முடியுமென்றால் வாங்குங்கள். புதிர்களின் தெரிவும் அவற்றை அடுக்கிய ஒழுங்கும் நல்லது. தாளுக்கும் அச்சுக்கும் 780 ரூபாய் அதிகம், 500 என்றால் நியாயம். 7 வயது என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், தரம் 3க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முதல் பத்துப் புதிருக்கு மேல் கஷ்டம். தரம் 5 பிள்ளைக்கு விடை எல்லாம் கெதியாக வந்துவிடும், நீங்கள்தான் ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். விடைப் பக்கங்களை வாங்கிய அன்றைக்கே வெட்டி எடுத்து உங்கள் லாச்சியில் வைத்துவிடுங்கள். 14க்கு எதிரே 14 என்றும், 60க்கு எதிரே 20 என்றும் திருத்திவிடுங்கள். தெறியோ புளியங்கொட்டையோ ஒரு பேணி நிறையப் பக்கத்தில் வேண்டும். மீன் பக்கத்தைக் கிழித்தாலும் நட்டம் இல்லை.

விடைப் பக்கம் இப்போது என்னிடம் இல்லை. மகள் ரீச்சர் விளையாட்டுக்கு எடுத்துவிட்டாள். சிவப்புப் பேனையால் ஒவ்வொரு விடைக்கும் சரி போட்டு, அந்த இரண்டுக்கும் பிழை போட்டு, கீழே ‘வடிவாக எழுதவும், செய்த முறையைக் காட்டவும்’ என்று எழுதியிருக்கிறாள். மொத்தப் புள்ளி எவ்வளவு என்று கேட்டேன். 58 புதிர்தான் திருத்தியிருக்கிறாளாம், இன்னும் 14 இருக்கிறதாம், அதுவரைக்கும் ஒருவருக்கும் புள்ளி சொல்லமாட்டாளாம்.